அகராதி பார்க்காத சொல்

வீட்டில் அவளுக்கு அகராதி என்று பெயர். வைத்தவன் கணவன். கைப்பையில் எந்நேரமும் ஒரு பிரெஞ்சு அகராதி கிடக்கும் என்பது ஒரு காரணம். பேச்சில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாள், அகராதி பிடித்தவள் என்பது இன்னொரு காரணம். இரண்டில் எதை நினைத்து வைத்தாய் என்று கேட்டால் அவன் மழுப்பிவிடுவான். அவனும் அந்த வீட்டில்தானே சாப்பிட்டாக வேண்டும்.

அந்த வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது தபால்பெட்டியில் பள்ளிக்கூடத்துக் கடிதம் கிடந்தது. படிக்கட்டில் நின்றபடியே பிரித்தாள். மூன்றே வரி. நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அடையாள அட்டையுடன், முதல் மாடி பன்னிரண்டாம் எண் அறைக்கு வர வேண்டும். அவளுடைய எழுத்துத் தேர்வைப் பற்றித் தேர்வுக் குழு பேச விரும்புகிறது. தேர்வின் எதைப் பற்றி என்று சொன்ன அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அகராதியைப் புரட்டினாள். 'உண்மைத்தன்மை' என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் கடிதத்தை மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். அதில் பத்து வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே இருக்கும் சலவைப் பிரிவில் போய்விட்டது. துவைத்து உலர்ந்த விரிப்புகள் சூட்டோடு சரிந்து வந்து விழும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதறி, மடித்து, தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். வண்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகள்தான் அவள் படித்த முதல் பிரெஞ்சு. 'கிரான்' என்றால் பெரிய விரிப்பு, 'பெத்தி' என்றால் சின்ன விரிப்பு. ஒரு நாளைக்கு நானூறு தடவை கிரான், பெத்தி என்று பார்த்தால் மாடுகூடப் படித்துவிடும் என்பாள்.

அந்த விரிப்புகளில் படுக்கிறவர்களை அவள் பார்த்ததே இல்லை. அவர்களுடைய இரத்தக்கறையைப் பார்த்திருக்கிறாள், காப்பிக் கறையைப் பார்த்திருக்கிறாள். மேலே வார்டுக்குப் போய் மனிதர்களோடு வேலை செய்ய வேண்டும் என்பது மூன்று வருஷத்து ஆசை. மடித்து மடித்து வலது தோள்பட்டையும் போய்க்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, அவளும் பயந்துபோய்க் கேட்கவில்லை. நர்ஸ் உதவியாளர் பயிற்சியில் ஒருவழியாக இடம் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: உயர்நிலைப் பள்ளி நாலாம் ஆண்டு பிரெஞ்சில் தேறியதற்கான சான்றிதழை வரும் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

பகலில் பிள்ளைகள் படிக்கிற அந்தப் பள்ளியில், நாலரை மணிக்கு மேல் வேலைக்குப் போகிற பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். அதே பெஞ்சு, அதே பாடப்புத்தகம். அவள் மகளும் அங்கேதான் படித்தாள். மகள் ஐந்தாம் ஆண்டு, அம்மா நாலாம் ஆண்டு. "மரியாதை குடும்மா, நான் உனக்கு சீனியர்" என்று மகள் சீண்டுவாள். படிப்பதும் கடையில் ரொட்டி கேட்கிற பிரெஞ்சு அல்ல. இந்தக் கதையை யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார், ஒரு மனிதரைச் சொற்களால் எப்படி வரைந்து காட்டுவது என்று போகும் பாடம். நடுவில் ஆண்பால் பெண்பால் வேறு. மேசை பெண்ணாம், நாற்காலி பெண்ணாம், கட்டில் மட்டும் ஆணாம். எந்த ஜோசியர் பார்த்துச் சொன்னாரோ தெரியவில்லை.

முதல் பருவத்தில் அவள் ஒரு பெரிய அபத்தம் செய்திருந்தாள். வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து ஒரு கட்டுரையை நெட்டுருப் போட்டு, ஒரு காற்புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்தாள். சின்ன வயதில் அவள் படித்த பள்ளியில் அப்படி எழுதினால் வகுப்பையே கைதட்டச் சொல்வார்கள். இங்கே பூஜ்யம் வந்தது. கீழே சிவப்பு மையில் 'இது உங்களுடையது அல்ல' என்று இருந்தது. அந்தத் தாளின் நகல் இன்னும் அவளுடைய கோப்பில் இருக்கிறது. ஒரு தடவை என்றால் எச்சரிக்கை. இரண்டாம் தடவை என்றால் ஒரு வருஷத்துக்குத் தேர்வுப் பக்கமே தலைகாட்ட முடியாது.

மகள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"அம்மா, காப்பி அடிச்சியா?"

"என்னடி பேசுற?"

"அடிச்சிருந்தா இப்பவே சொல்லிடு. அன்னிக்கு கைடை மனப்பாடம் பண்ணி எழுதினியே, அதான் கேக்குறேன்."

பெற்ற பிள்ளையே கேட்டுவிட்டாளே என்று அவளுக்குச் சுருக்கென்றது. தேர்வில் வந்த கேள்வி, 'உங்களை உருவாக்கிய ஒருவரைச் சொற்களில் வரைக' என்பது. அவள் பெரியப்பாவைப் பற்றி எழுதினாள். அதே மாதிரி ஒன்றை வீட்டிலும் நோட்டில் எழுதிப் பழகியிருந்தாள். அதைப் பார்த்து, பன்மைச் சொற்களின் கடைசியில் விட்டுப்போன 'எஸ்'களை எல்லாம் போட்டுக் கொடுத்தது மகள். அது இப்போது மகளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"நான் திருத்தினதைக் கண்டுபிடிச்சுட்டாங்களோ? என் பேரை இழுக்காதேம்மா. அடுத்த மாசம் எனக்கும் அங்கதான் பரீட்சை."

"இழுக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா. போய்ப் படி."

கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். வேலைச்சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டான். "நாளைக்கு லீவு போட்டு நானும் வரவா?" என்றான்.

"நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? அங்க என்ன, லிஃப்ட்டா மாட்டிக்கிட்டு நிக்குது?"

வேறு நாளாக இருந்தால் 'பாரு, அகராதியை' என்று சிரித்திருப்பான். அன்று சிரிக்கவில்லை. அதைக் கவனித்ததும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியதை மறுபடி படித்தாள். எல்லாம் உண்மைதான். அம்மா அவளுடைய நாலு வயதிலேயே போய்விட்டாள். அப்பாவுக்குத் தூரத்துச் சாலைகளில் லாரி ஓட்டுகிற வேலை. வளர்த்தது முழுக்கப் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிக் கொடுக்கிறவர். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று யாராவது கேட்டால், "இவளுக்கே சடை பின்னத் தெரியாம முழிக்கிறேன், இன்னொருத்தி வேறயா" என்பார். அவளைப் பள்ளியில் சேர்க்கக் கடைசி நாளன்று அப்பா ஊரில் இல்லை. 'தந்தை கையொப்பம்' என்று இருந்த இடத்தில் பெரியப்பா சட்டென்று தன் கையெழுத்தைப் போட்டார். "நீங்க தகப்பனார் இல்லையே" என்று எழுத்தர் தடுத்தார். "பெரியப்பா சார். அப்பாவை விட ஒரு சைஸ் பெரிசு. கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கேன்" என்றார் இவர். எழுத்தர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். இதையெல்லாம்தான் எழுதியிருந்தாள். இதில் யாருக்கு எங்கே இடித்தது என்று அவளுக்குப் புரியவேயில்லை.

மறுநாள் பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பன்னிரண்டாம் அறைக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளுக்கான பெஞ்சு, முழங்கால் மார்புக்கு வந்தது. பக்கத்து வகுப்பில் ஒரு வினைச்சொல்லை நான், நீ, அவன் என்று ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அவள் சலவைப் பிரிவில் இருக்க வேண்டும். கதவு திறந்தது.

"அகராதி வெளியிலேயே இருக்கட்டும்" என்றார் அவளுடைய ஆசிரியை. எப்போதும் ஜாக்கெட் பையில் சுண்ணக்கட்டி வைத்திருக்கும் நெட்டையான பெண்மணி. அன்று முகத்தில் சிரிப்பு இல்லை. பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனபோது, இடுப்பில் இருந்த குழந்தையை இறக்கி விட்டுப் போவதுபோல் அவளுக்குக் கை வெறிச்சென்று இருந்தது.

உள்ளே மேசைக்குப் பின்னால் விடைத்தாள் திருத்துகிறவர் உட்கார்ந்திருந்தார். வேறு பள்ளியிலிருந்து வந்தவர், நல்ல ஜலதோஷம், கையில் கைக்குட்டை. அவர் முன்னால் அவளுடைய தாள். தாள் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். அவர் பேசியது பிரெஞ்சு. அவள் பேசியதும் பிரெஞ்சுதான் என்று அவள் நம்பினாள். இரண்டையும் தமிழில் போட்டால் ஏறத்தாழ இப்படி வரும்.

"இதை எழுதியது நீங்களா, மதாம்?"

"நான்."

"உங்கள் கிரான்பேரைப் பற்றியது."

"ஆமாம்."

"உங்கள் கிரான்பேர் பிறந்து மூன்று வருஷம் கழித்து உங்கள் அப்பா பிறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பது அல்லவே, மூன்றுதானே?"

"மூன்று."

அவர் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார். "சரி. இரண்டாம் பக்கம். கிரான்பேரும் அப்பாவும் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்."

"ஆமாம். நல்ல சட்டை ஒன்றே ஒன்று. இன்று ஒருவர், நாளை ஒருவர்."

"கிரான்பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை."

"ஆகவில்லை."

"பிள்ளைகள்?"

"பிள்ளை இல்லை. நான் மட்டும்."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "மதாம், எங்கெங்கோ மனப்பாடம் செய்த இரண்டு மூன்று கட்டுரைகளை ஒட்டவைத்தால்தான் இப்படி வரும். உங்கள் கோப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?"

பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்து ஒருத்தி மாட்டிக்கொள்வது எப்படி? "உண்மை. எல்லாம் உண்மை" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. தெரிந்த சொற்கள்கூட எங்கோ ஓடி ஒளிந்துகொண்டன.

"தேர்வுக்கு முன்னால் இதை யாராவது பார்த்தார்களா?"

பக்கத்து வகுப்பில் ஒப்பிக்கிற சத்தம் நின்றுவிட்டது. இல்லை என்று சொல்வதற்கு இந்த மொழியில் ஒரே ஓர் எழுத்துச் சத்தம் போதும். அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மகளுக்குச் செய்த சத்தியமும் அங்கேயே இருந்தது. ஆனால் ஏற்கெனவே உண்மைத்தன்மை என்று பெயர் வைத்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த அறைக்குள் ஒரு பொய் சொன்னாலும் எழுதிய உண்மை எல்லாம் சேர்ந்து பொய்யாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"பார்த்தாள். என் மகள். இங்கே ஐந்தாம் ஆண்டு. எஸ் போட்டாள், அவ்வளவுதான். சொற்கள் என்னுடையவை. தயவுசெய்து அவளை ஒன்றும் செய்யாதீர்கள்."

"ஐந்தாம் ஆண்டு மாணவி" என்றார் அவர். "பிரெஞ்சிலேயே வளர்ந்த பெண். கிரான்பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று படித்தால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்குமே?"

"என்ன சிரிப்பு? அவளுக்கு அவர் பப்பி. சின்ன வயதிலிருந்து பப்பி என்றுதான் சொல்வாள்."

ஆசிரியை நிமிர்ந்தார். "ஒரு நிமிஷம். மகளுக்கு அவர் பப்பி. உங்களுக்கு?"

"கிரான்பேர்."

"இரண்டும் ஒன்றுதானே?"

"அது எப்படி ஒன்றாகும்?" அவளையும் மீறிக் குரல் உயர்ந்தது. வீட்டில் கணவனோடு மல்லுக்கு நிற்கிற அதே குரல். "பப்பி என்றால் அப்பாவின் அப்பா, அம்மாவின் அப்பா. கிரான்பேர் அப்படி இல்லை." சொல் கிடைக்காமல் இரண்டு கையையும் அகல விரித்தாள், பெரிய விரிப்பைப் பிடிப்பதுபோல். "கிரான். பெரிய. பேர். அப்பா. பெரிய, அப்பா. என் அப்பாவின் அண்ணன்!"

ஆசிரியை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"மதாம்" என்றார் மெதுவாக, "கிரான்பேர் என்றாலும் பப்பி என்றாலும் ஒரே ஆள்தான். பப்பி என்பது குழந்தைகள் செல்லமாகச் சொல்வது. நீங்கள் பதினான்கு இடத்தில் தாத்தா என்று எழுதியிருக்கிறீர்கள்."

விரித்த கை விரித்தபடியே இருந்தது. காது சுட்டது. அகராதி, அகராதி என்று பேர் வாங்கியவள் இந்த ஒரு சொல்லை மட்டும் அகராதியில் பார்க்கவேயில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? கிரான் சலவைப் பிரிவில் தினமும் பார்க்கிற சொல். அப்பாவுக்கு இந்த மொழியில் பேரே 'பேர்'தான். இரண்டும் தெரிந்த சொல். மகளும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் மகளுக்கு அவர் நிஜமாகவே தாத்தா.

திருத்துகிறவர் தாளைத் தன் பக்கம் இழுத்து முதல் வரியிலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். அவசரப்படாமல் படித்தார். ஒற்றைச் சட்டை வருகிற இடத்தில் உதடு லேசாக இழுபட்டது. கையெழுத்துப் போட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவளுக்கு அந்த ஐந்து நிமிஷம் ஐந்து மணி நேரமாக இருந்தது.

"இந்தப் பிழையை எங்கிருந்தும் காப்பி அடிக்க முடியாது" என்றார் கடைசியில். "இது உங்களுடையதுதான். ஒரே பிழை எத்தனை இடத்தில் வந்தாலும் ஒரு தடவைதான் குறைப்போம். அறுபத்து மூன்று. தேறுவதற்கு அறுபது போதும்." பேனாவைத் திறந்து நீட்டினார். "சரியான சொல்லை ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓங்க்ல்."

"ஓங்க்ல்?"

"ஆமாம். அப்பாவின் அண்ணனுக்கு அதுதான் சொல்."

அங்கிள். சுற்றிச் சுற்றி அங்கிளிலா வந்து நிற்க வேண்டும்? அவள் ஊரில் அங்கிள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர். ஐஸ் விற்கிறவர். பஸ்ஸில் தள்ளி உட்காரச் சொல்ல வேண்டிய ஆள். முறை தெரியாதவர்களைக் கூப்பிடக் கைக்குக் கிடைக்கிற சொல். சடை கோணலாகப் பின்னிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தி "நல்லாத்தானே இருக்கு?" என்று கெஞ்சுகிற மனுஷர் எப்படி அங்கிள் ஆவார்?

"வேறு சொல் இல்லையா?"

"இல்லை மதாம். அப்பாவின் அண்ணன், தம்பி, அம்மாவின் அண்ணன், தம்பி, அத்தையின் கணவர், எல்லாருக்கும் இது ஒன்றுதான்."

பாவம், இவர்கள் எப்படித்தான் ஒரு கல்யாண வீட்டில் யார் எவர் என்று கண்டுபிடிக்கிறார்களோ என்று நினைத்தாள். "எழுதாவிட்டால்?"

"எழுதாவிட்டால் சந்தேகம் அப்படியே நிற்கும். குழு இனி அடுத்த மாதம்தான் கூடும்."

சான்றிதழ் திங்கட்கிழமைக்குள் வேண்டும். அகராதி பிடித்தவள்தான், ஆனால் அந்தப் பேனா முன்னால் அந்தப் பிடிவாதம் செல்லவில்லை. எழுதினாள். ஐந்தே எழுத்து. கீழே கையெழுத்தைப் போட்டாள். அவள் வாழ்க்கையில் போட்ட கையெழுத்துகளிலேயே கசந்தது அதுதான்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மகளுக்குச் செய்த சத்தியத்தை மீறியதை இன்று சாயங்காலம் அவளிடம் சொல்லியாக வேண்டும். அதைக்கூடச் சொல்லிவிடலாம். மற்றதைத்தான் பெரியப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. போனை எடுத்தாள். அந்தப் பக்கம் காயில் சுற்றுகிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா. என்னைப் பத்தி என்னமோ எழுதியிருக்கியாமே, பாப்பா சொன்னா."

"பெரியப்பா..." என்றாள். "உங்களை அங்கிள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன்."

"யாரு அங்கிள்?"

"நீங்கதான்."

இயந்திரம் நின்றது. அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். தாத்தா என்று எழுதியது, பதினான்கு வட்டம், ஒற்றைச் சட்டை, பேனா. சொல்லிக்கொண்டே அழுதாள். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

"பாஸா?" என்றார் பெரியப்பா.

"பாஸ்."

"அப்புறம் எதுக்கு அழற? அன்னிக்கு நான் அப்பான்னு ஒரு பொய்க் கையெழுத்து போட்டு உன்னைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விட்டேன். இன்னிக்கு நீ அங்கிள்னு ஒரு பொய்க் கையெழுத்து போட்டு வெளிய வந்துட்ட. சரிக்குச் சரி."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் வந்து நின்றது.

"பஸ் வந்துடுச்சு, வெச்சிடறேன்."

"இரு, ஒண்ணு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி பேசியபோது குரல் கம்மியிருந்தது. "காகிதத்துல என்ன வேணா எழுதிக்கோ. கூப்பிடும்போது மட்டும் அப்படிக் கூப்பிட்டுடாதேம்மா."

"மாட்டேன் பெரியப்பா."

போனை வைத்துவிட்டு ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பஸ் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. யாருக்கும் கேட்காத மாதிரி, பெரியப்பா என்ற அந்தச் சொல்லை இன்னொரு தடவை சும்மா சொல்லிப் பார்த்தாள்.